மாத்திரை யாருக்குப் போய்ச் சேரவில்லை? புழு நோய்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுக்கும் நாளிலும், யானைக்கால் தடுப்பு மாத்திரை வீடு தேடி வரும் நாளிலும் பெற்றோர், ஆசிரியர்கள், மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் உண்டு. சிலவற்றுக்கு ஆறஅமரத்தான் சொல்ல வேண்டும்.

‘புறக்கணிக்கப்பட்ட நோய்கள்’ என்கிறார்களே, யார் புறக்கணித்தது?

பணமும் கவனமும் வைத்திருப்பவர்கள் எல்லோரும்தான். உலக சுகாதார அமைப்பு இந்தப் பெயரில் இருபதுக்கு மேற்பட்ட நோய்களைப் பட்டியலிட்டிருக்கிறது. அதில் கணிசமான பங்கு புழுக்களால் வருபவை. இவை ஒரே நாளில் ஊரைக் காலி செய்யும் கொள்ளைநோய்கள் இல்லை. பல ஆண்டுகள் உடம்பிலேயே தங்கி இரத்தத்தைக் குறைக்கும், காலை வீங்க வைக்கும், கண்ணைப் பறிக்கும். பாதிக்கப்படுபவர்கள் மருந்தை விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள். அதனால் புதிய மருந்து கண்டுபிடிக்க எந்த நிறுவனமும் அவசரப்படவில்லை. இன்றைக்கு இந்த நோய்களுக்குப் பயன்படும் மருந்துகளில் பல, முதலில் ஆடு மாடு குதிரைகளுக்காக உருவாக்கப்பட்டவை. அந்த ஒரு செய்தியே போதும்.

எந்தெந்தப் புழுக்களைச் சொல்கிறீர்கள்?

அதிகம் பேரைப் பிடித்திருப்பவை மண் வழியாகப் பரவும் குடற்புழுக்கள்: உருளைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. ஏறத்தாழ 150 கோடிப் பேரின் குடலில் இவற்றில் ஒன்றாவது இருக்கிறது என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. அடுத்து, கொசு கடத்தும் யானைக்கால் புழு, ஓடும் ஆற்றோரத்தில் வளரும் கருப்பு ஈ கடத்தும், பார்வையைப் பறிக்கும் ஆங்கோசெர்கா புழு, நன்னீர் நத்தையில் வளர்ந்து தோல் வழியே நுழையும் சிஸ்டோசோமா, பன்றி நாடாப்புழு, வேகாத மீனில் வரும் கல்லீரல் தட்டைப்புழு, குடிநீர் வழியே நுழைந்து காலில் வெளிவரும் நரம்புச் சிலந்தி. பெயர்கள் நீளம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் உடம்புக்குள் நுழைய ஒரு வழி இருக்கிறது, உடம்பிலிருந்து வெளியேறவும் ஒரு வழி இருக்கிறது. அந்த இரண்டும் தெரிந்தால் எங்கே மறிக்கலாம் என்பது புரிந்துவிடும்.

வயிற்றில் நாலு பூச்சி இருந்தால் என்ன ஆகிவிடும்? எங்கள் காலத்தில் எல்லோருக்கும் இருந்ததுதானே?

நாலு இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நாற்பது, நானூறு என்று போகும்போதுதான் கதை மாறுகிறது.

கொக்கிப்புழுவை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு வகை, நாள் ஒன்றுக்கு ஒரு புழுவுக்குச் சுமார் 0.15 மில்லி இரத்தத்தை வீணாக்குகிறது. குடலில் நூறு புழு இருந்தால் நாளைக்கு 15 மில்லி, மாதத்துக்கு 450 மில்லி. இரத்ததானம் செய்பவரிடம் எடுக்கும் ஒரு பை இரத்தம் அவ்வளவுதான் வரும். தானம் செய்தவரை அடுத்த மூன்று மாதம் மறுபடி கொடுக்காதே என்கிறோம். இங்கே மாதாமாதம் ஒரு பை போகிறது. சிந்தும் இரும்புச்சத்தில் ஒரு பங்கைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் சத்தான உணவு இல்லாத கர்ப்பிணிக்கும் வளரும் பிள்ளைக்கும் மிச்சம் உள்ள இழப்பே சோகையில் தள்ளப் போதுமானது. இன்னொரு வகைக் கொக்கிப்புழு குடிப்பது இதில் ஐந்தில் ஒரு பங்குதான். எந்த வகை, எத்தனை என்பதைப் பொறுத்தே நோயின் கடுமை.

உருளைப்புழு கூட்டமாகச் சேர்ந்தால் சின்னக் குழந்தையின் குடலையே அடைத்துவிடும். அப்போது அறுவைச் சிகிச்சை வரைக்கும் போக நேரிடும். சாட்டைப்புழு அதிகமானால் சீதபேதியும் ஆசனக்குடல் வெளித்தள்ளலும் வரலாம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: புழுக்கள் ஊரில் எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைக்கப்படுவதில்லை. ஐந்தில் ஒருவர் உடம்பில்தான் மொத்தப் புழுவில் ஐந்தில் நாலு பங்கு என்று தோராயமாகச் சொல்வார்கள். அந்த ஒருவர் மாத்திரை நாளன்று வரவில்லை என்றால் அந்த ஊரின் கணக்கே தவறிவிடுகிறது. இதைத்தான் இந்தப் பக்கம் முழுக்க வேறு வேறு விதமாகச் சொல்லப் போகிறேன்.

பூச்சி மருந்து கொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மறுபடியும் புழு விழுகிறது. மருந்து சரியில்லையா?

மருந்து வேலை செய்துவிட்டது. புழுதான் வெளியிலிருந்து மறுபடி வந்திருக்கிறது.

நாம் கேள்விப்படும் பெரும்பாலான கிருமிகள் உடம்புக்குள்ளேயே பெருகுகின்றன. இந்தக் குடற்புழுக்கள் அப்படி இல்லை. பெண் உருளைப்புழு ஒரு நாளில் இரண்டு லட்சம் முட்டை வரை இடும். ஆனால் அந்த முட்டை ஒன்றுகூட அதே குடலில் பொரிக்காது. மலத்தோடு வெளியேறி, நிழலும் ஈரமுமான மண்ணில் இரண்டு முதல் நாலு வாரம் கிடந்தால்தான் அடுத்தவரைத் தொற்றும் பக்குவம் வரும். பிறகு கையோடோ கழுவாத காய்கறியோடோ வாய்க்குள் போய், குடலைத் துளைத்து, இரத்தத்தில் ஏறி, நுரையீரலைச் சுற்றி, தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு, மறுபடி குடலுக்கு வந்து முதிர்கிறது. இந்த நீண்ட யாத்திரைக்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். கொக்கிப்புழுவின் முட்டை மண்ணிலேயே பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் குட்டிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைக்கத் தயாராகிவிடும்.

ஆக, உங்கள் பிள்ளையின் வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு புழுவும் தனித்தனியாக வெளியிலிருந்து வந்தது. மாத்திரை வயிற்றைத்தான் சுத்தம் செய்கிறது, மண்ணை அது தொடுவதில்லை. உருளைப்புழு முட்டையோ சாதகமான மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அதனால்தான் மாத்திரை ஒருமுறை கொடுத்து முடிக்கும் சங்கதியாக இருப்பதில்லை.

மலப் பரிசோதனை செய்யாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பது முறையா?

இந்தக் கேள்வி நியாயமானது. நோய் இல்லாதவருக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்பது வைத்தியத்தின் பொது நெறி. இங்கே அதை மீறுவதற்குத் தக்க காரணம் வேண்டும்.

காரணம் இதுதான். முட்டையைத் தேட வழக்கமாகச் செய்யும் சோதனை கேட்டோ-காட்ஸ் முறை. 41.7 மில்லிகிராம் மலத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் முட்டைகளை எண்ணி, 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமில் எத்தனை என்று தெரியும். பயிற்சி பெற்றவர் வேண்டும், நேரம் வேண்டும். குறைந்த எண்ணிக்கையில் புழு இருந்தால் இந்தச் சோதனை தவறவிட்டுவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் செய்யும் செலவு மாத்திரையின் விலையைவிடப் பல மடங்கு. மாத்திரையோ பல்லாண்டுகளாகக் கோடிக்கணக்கானோர் விழுங்கிப் பாதுகாப்பானது என்று தெளிந்தது. எனவே ஊருக்கு மாதிரிச் சோதனை, ஆளுக்கு மாத்திரை என்பது ஏற்பாடு. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலின்படி, நூற்றுக்கு இருபது பேருக்குக் குறையாமல் தொற்று இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை, ஐம்பதைத் தொட்டால் இரண்டு முறை. இருபதுக்கும் கீழே இறங்கிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் கொடுப்பதை என்னாலும் நியாயப்படுத்த முடியாது. அதனால்தான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாதிரிச் சோதனையை மறக்காமல் செய்ய வேண்டும். நடைமுறையில் முதலில் கைவிடப்படுவது அந்தச் சோதனைதான்.

ஒரே மாத்திரை எல்லாப் புழுவையும் கொன்றுவிடுமா?

கொல்லாது. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், அல்லது மெபெண்டசோல் 500 மில்லிகிராம், ஒரே வேளை. இதுதான் பள்ளிகளில் கொடுப்பது. உருளைப்புழுவுக்கு இரண்டுமே நன்றாகக் கேட்கும். கொக்கிப்புழுவுக்கு அல்பெண்டசோல் மேல். சாட்டைப்புழுவோ ஒரு வேளை மாத்திரைக்குப் பலரிடம் அசைந்து கொடுப்பதில்லை. அதற்கு அல்பெண்டசோலோடு ஐவர்மெக்டினும் சேர்த்தால் பலன் கூடும். ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்று இன்னொரு குடற்புழு இருக்கிறது. மேலே சொன்ன விதிக்கு விலக்காக, அது உடம்புக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் தன்னைத் தொடர்ந்துகொள்ளும். ஸ்டீராய்டு மருந்து எடுப்பவரிடம் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதற்கு ஐவர்மெக்டின்தான். சிஸ்டோசோமாவுக்குப் பிராசிகுவாண்டல்.

சின்னக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? கர்ப்பிணிக்கு?

ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் கொடுக்கலாம். இரண்டு வயது வரை அல்பெண்டசோல் பாதி அளவு, 200 மில்லிகிராம். கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு அல்பெண்டசோலோ மெபெண்டசோலோ கொடுக்கலாம். யானைக்கால் தடுப்புக்குக் கொடுக்கும் டை எத்தில் கார்பமசின், ஐவர்மெக்டின் இரண்டும் கர்ப்பிணிகளுக்குக் கூடாது. ஐவர்மெக்டின் 90 சென்டிமீட்டர் உயரம் இல்லாத குழந்தைக்கும் கிடையாது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு மாத்திரையால் வரும் பெரிய ஆபத்து மருந்தில் இல்லை, தொண்டையில் இருக்கிறது. அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்து முழு மாத்திரையை வாயில் திணித்து, அது மூச்சுக்குழாயில் சிக்கி உயிர் போன நிகழ்வுகள் உண்டு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். திமிறுகிற பிள்ளையை விட்டுவிடுங்கள். நாளைக்குக் கொடுக்கலாம்.

மாத்திரை போட்ட பிறகு காய்ச்சலும் தலைசுற்றலும் வந்தது. இனி போட மாட்டேன்.

உங்கள் கோபத்தில் தப்பில்லை, முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை என்றால். யானைக்கால் தடுப்பு மருந்து விழுங்கியதும் இரத்தத்தில் திரியும் குட்டிப்புழுக்கள் கூட்டமாகச் சாகின்றன. அதற்கு உடம்பு காட்டும் எதிர்வினைதான் காய்ச்சல், தலைவலி, உடல்வலி. ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும். புழு அதிகம் இருந்தவருக்கே இது அதிகம் வரும். சாப்பிட்ட பிறகு மருந்தை விழுங்கினால் வயிற்றுப் புரட்டலும் குறையும். இதை மாத்திரையோடு சேர்த்து ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் மறுத்தவர்களில் பாதிப்பேர் மறுத்திருக்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

எல்லாப் பயமும் வீண்பயம் என்று தள்ளிவிடவும் கூடாது. மத்திய ஆப்பிரிக்காவில் லோவா என்ற கண்புழு இரத்தத்தில் மிக அதிகமாக இருந்த சிலருக்கு ஐவர்மெக்டின் கொடுத்ததால் மூளை பாதித்து உயிர்ச்சேதம் நேர்ந்திருக்கிறது. அதனால் அங்கே மருந்துக்கு முன்பே இரத்தத்தைப் பார்க்கிறார்கள். எகிப்தில் 1980-களின் தொடக்கம் வரை சிஸ்டோசோமாவுக்கு ஆன்டிமனி ஊசி போட்டார்கள். ஒரே ஊசியைச் சரியாகச் சுத்திகரிக்காமல் பலருக்கும் போட்டதில் ஹெபடைடிஸ் சி நாடெங்கும் பரவியது. நல்ல எண்ணத்தோடு நடந்த இயக்கம்தான் அது. புழுவைத் துரத்தப் போய்த் தலைமுறைக்கே ஈரல் நோய் வந்து சேர்ந்தது. சுகாதாரத்துறை என்றாலே தயங்குகிறவரிடம் பேசும்போது இந்த வரலாற்றை நான் மறைப்பதில்லை. இன்றைய மருந்து வாய்வழி மாத்திரை, ஊசி இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எனக்கு ஒரு நோயும் இல்லை. நான் எதற்கு யானைக்கால் மாத்திரை விழுங்க வேண்டும்?

உங்களுக்குத் தெரியாமலே உங்கள் இரத்தத்தில் குட்டிப்புழு இருக்கலாம் என்பதால். நிணநீர்க் குழாயில் குடியிருக்கும் தாய்ப்புழு ஆறு முதல் எட்டு ஆண்டு வாழ்ந்து லட்சக்கணக்கில் குட்டிகளை விடுகிறது. பெரும்பாலான இடங்களில் அந்தக் குட்டிகள் பகலில் உள்ளுறுப்புகளில் ஒதுங்கிக் கிடந்து, கொசு கடிக்கும் இரவு நேரத்தில் மேல்தோல் இரத்தத்துக்கு வருகின்றன. இரத்தம் எடுக்கச் சுகாதாரப் பணியாளர் இரவு பத்து மணிக்குமேல் கதவைத் தட்டுவது அதனால்தான். இந்தப் புழுவின் வளர்ச்சிக்குக் கொசு வேண்டும் என்பதைப் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் 1877-ல் கண்டார். மனித நோய்க்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பு முதன்முதலில் வெளிப்பட்டதே யானைக்காலில்தான்.

மருந்து குட்டிப்புழுக்களை நன்றாகக் கொல்கிறது, தாய்ப்புழுக்களை முழுமையாகக் கொல்வதில்லை. எனவே தாய்ப்புழு கிழடாகிச் சாகும் வரை, ஆண்டுதோறும் குட்டிகளை அகற்றிக்கொண்டே வந்தால் கொசுவுக்கு எடுத்துப்போக ஒன்றும் இருக்காது. இதற்குக் குறைந்தபட்சம் மொத்த மக்களில் 65 சதவீதம் பேராவது ஒவ்வொரு சுற்றிலும் மருந்தை விழுங்கியிருக்க வேண்டும். வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை, விழுங்கியிருக்க வேண்டும். ‘அப்புறம் போட்டுக்கொள்கிறேன்’ என்று அலமாரிக்குப் போகும் மாத்திரை ஏட்டில் மட்டும் நோயைக் குணப்படுத்துகிறது.

அதைவிட முக்கியம், எல்லாச் சுற்றிலும் ஒருமுறைகூட விழுங்காதவர் யார் என்பது. ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு ஆட்கள் விடுபட்டால் பரவாயில்லை, அடுத்த ஆண்டு பிடித்துவிடலாம். ஆண்டுதோறும் அதே ஆட்கள் விடுபட்டால் கொசுவுக்கு அவர்களே நிரந்தரக் கிடங்கு. வெளியூர் வேலைக்குப் போகும் ஆண்கள், குடிபெயரும் கூலித் தொழிலாளர்கள், ‘எனக்கெதற்கு’ என்னும் வசதியானவர்கள் எல்லாம் இதில் அடக்கம்.

என் கால் ஏற்கெனவே வீங்கிவிட்டது. இந்தத் திட்டத்தில் எனக்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்க வேண்டும். பல இடங்களில் இல்லை. 2000-ல் தொடங்கிய உலகளாவிய யானைக்கால் ஒழிப்புத் திட்டத்துக்கு இரண்டு கைகள். ஒன்று பரவலை நிறுத்துவது, மற்றொன்று ஏற்கெனவே பாதிக்கப்பட்டவரின் துன்பத்தைக் குறைப்பது. முதல் கைக்குப் போன பணமும் கவனமும் இரண்டாவதற்குப் போகவில்லை. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு.

மாத்திரையால் வீக்கம் வடியாது. அதை எதிர்பார்த்து ஏமாந்துதான் பலர் சிகிச்சையையே விட்டுவிடுகிறார்கள். ஆனால் கால் மேலும் பெருக்காமல் காக்க முடியும். வீக்கத்தைக் கூட்டுவது புழுவைவிட, அடிக்கடி வரும் காய்ச்சலோடு கூடிய சிவப்பும் வலியும்தான். தோல் மடிப்பிலும் விரலிடுக்கிலும் உள்ள வெடிப்பு வழியே பாக்டீரியா நுழைவதால் அது வருகிறது. அதனால் தினமும் சாதாரண சோப்பும் தண்ணீரும் கொண்டு மடிப்பு மடிப்பாக மெதுவாகக் கழுவுங்கள். மெல்லிய துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள், விரலிடுக்கை மறக்காதீர்கள். புண் இருந்தால் களிம்பு. உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வையுங்கள். கணுக்காலை ஆட்டி மடக்கிப் பயிற்சி செய்யுங்கள். பாதத்தை இறுக்காத செருப்பு போடுங்கள். இதை ஒழுங்காகச் செய்தவர்களுக்குக் காய்ச்சல் வருவது வெகுவாகக் குறைகிறது, துர்நாற்றம் போகிறது. நாற்றம் போனபின் அவர்கள் நாலு பேர் கூடும் இடத்துக்கு மறுபடி வருகிறார்கள்.

காய்ச்சல் வந்த நாட்களில் பயிற்சி வேண்டாம். காலைக் குளிர்ந்த நீரில் நனைத்து, ஓய்வெடுத்து, மருத்துவரிடம் ஆன்டிபயாடிக் கேளுங்கள். விரைவீக்கத்துக்கோ அறுவைச் சிகிச்சை இருக்கிறது. அது பெரும்பாலும் முழு நிவாரணம் தரும். வெட்கத்தால் இருபது ஆண்டு மறைத்து வாழ்ந்த ஆண்களிடம் இதை யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாலே போதாதா?

உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் பிள்ளைகளிடம்தான் அதிகம் என்பதால் பள்ளி ஒரு நல்ல வாசல். ஆசிரியர் இருக்கிறார், பெயர்ப்பட்டியல் இருக்கிறது. ஆனால் கொக்கிப்புழு வயதோடு கூடுகிறது. வயலில் வெறுங்காலோடு நிற்கும் அம்மா அப்பாவிடம்தான் அது மிகுதி. பிள்ளையைச் சுத்தம் செய்து அதே மண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறோம்.

கென்யாவின் குவாலே பகுதியில் இதை நேராகவே ஒப்பிட்டுப் பார்த்து 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். பள்ளியில் மட்டும் கொடுத்த இடங்களைவிட, ஊர் முழுவதற்கும் கொடுத்த இடங்களில் கொக்கிப்புழு தெளிவாகவே அதிகம் குறைந்தது. பள்ளிக்கே போகாத பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள். அவர்கள்தான் வழக்கமாக அதிகப் புழுவைச் சுமப்பவர்கள்.

கழிப்பறை கட்டிவிட்டால் மாத்திரை தேவையில்லை அல்லவா?

நீண்ட காலத்தில் ஆமாம். 1909-ல் எண்ணெய்த் தொழிலதிபர் ராக்ஃபெல்லர் கொடுத்த பத்து லட்சம் டாலரில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கொக்கிப்புழுவை எதிர்த்து ஓர் இயக்கம் ஐந்தாண்டு நடந்தது. மருந்தும் கொடுத்தார்கள், கழிப்பறையும் கட்டச் சொன்னார்கள். மருந்தால் உடனே பலன் தெரிந்தது. ஆனால் புழு அங்கிருந்து மெய்யாகவே விலகியது, அடுத்த பல பத்தாண்டுகளில் வீடும் வருமானமும் கழிப்பறையும் காலணியும் மேம்பட்ட பிறகுதான்.

கட்டினால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று ஏராளம். தெருவில் பாதி வீட்டில் கழிப்பறை, மீதி வீட்டுக்கு வெட்டவெளி என்றால் மண் ஒன்றுதானே? கழிப்பறை இருந்தும் கைக்குழந்தையின் மலத்தைக் கொல்லையில் வீசினால் முட்டை அங்கே போய்விடுகிறது. குழியை அள்ளி அப்படியே வயலில் கொட்டினால் உருளைப்புழு முட்டைக்கு அது பயணச்சீட்டு. அள்ளிய கசடை நல்ல சூட்டில் மக்கச் செய்யவோ நீண்ட நாள் மூடி வைக்கவோ வேண்டும். வழக்கமான குளோரின் அளவுக்கு அந்த முட்டை சாகாது.

காலணி எளிது, கொக்கிப்புழுவுக்கு உதவும். உருளைப்புழுவுக்கு உதவாது, அது வாய்வழி வருவது.

எங்கள் குளத்தில் நத்தை இருக்கிறது. சிஸ்டோசோமா வந்துவிடுமா?

எல்லா நத்தையும் இதைத் தாங்காது. குறிப்பிட்ட சில நன்னீர் நத்தைகளுக்குள்தான் அது வளரும். 25 கோடிப் பேருக்குச் சிகிச்சை தேவைப்படும் இந்த நோய் பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. தியோடர் பில்ஹார்ஸ் இதன் புழுவை 1851-ல் கெய்ரோவில் கண்டார்.

நோயாளியின் சிறுநீரோ மலமோ நீரில் கலக்கிறது, முட்டை பொரிக்கிறது, நத்தையில் நுழைகிறது, பல்கிப் பெருகி நீரில் நீந்தி வருகிறது, சில நிமிடங்களில் மனிதத் தோலைத் துளைக்கிறது. உள்ளே வாழும் புழுவைவிட, அது இடும் முட்டைகள் உறுப்புகளில் சிக்கிக்கொள்வதுதான் நோய்க்குக் காரணம். சிறுநீரில் இரத்தம், ஈரல் வீக்கம், சிறுநீர்ப்பைப் புற்று. பெண்களின் கருப்பை வாயிலும் பிறப்புறுப்பிலும் முட்டை தங்கி வரும் புண்ணைப் பால்வினை நோய் என்று தவறாக முத்திரை குத்தி, அவர்களைக் குடும்பத்தாரே ஒதுக்கியிருக்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டில் இத்தகைய பெண்கள் 5.6 கோடி. சிறுநீரில் இரத்தம் என்ற அறிகுறி ஆண்பிள்ளையிடம் நோய் என்றும் பெண்பிள்ளையிடம் மாதவிலக்கு என்றும் கடந்துபோகப்படுகிறது.

பிராசிகுவாண்டல் முதிர்ந்த புழுவைக் கொல்லும், இளம்புழுவைக் கொல்லாது. அதனால் மருந்துக்குப் பிறகும் நோய் மிஞ்சலாம். நீரை மாற்றினால் நோயும் மாறும், இரண்டு திசையிலும். செனகல் ஆற்றில் 1986-ல் தியாமா அணை முடிந்தது. உப்புநீர் ஏறுவது நின்றது, நத்தைக்கு வாழ வசதியானது, நத்தையைத் தின்னும் இறால் மேலே வர முடியாமல் போனது. ஓரிரு ஆண்டுகளில் ரிச்சர்ட் டோல் நகரில் நோய் வெடித்தது. ஜப்பானில் இதற்கு நேர்மாறு. வாய்க்கால்களுக்குச் சிமென்ட் பூசி, நத்தையைத் தேடித் தேடி அழித்து, மருந்தும் கொடுத்து, 1977-க்குப் பிறகு புதிய நோயாளியே இல்லாமல் செய்தார்கள். அந்த நத்தை இனமும் பல இடங்களில் இல்லாமல் போனது. அந்த விலையை எல்லா நாடும் கொடுக்கலாமா என்பது தனி விவாதம்.

நோய் உள்ள பகுதியில் குளிக்க வேறு வழி இல்லையா? நத்தை புகாத தொட்டியில் நீரை இரண்டு நாள் தேக்கி வைத்துப் பயன்படுத்துங்கள். நீரில் நீந்தும் குட்டிப்புழு அதற்குமேல் தாங்காது.

வலிப்புக்கும் நாடாப்புழுவுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, ஆனால் பலர் நினைக்கும் விதத்தில் இல்லை. வேகாத பன்றி இறைச்சியைத் தின்றவர் குடலில் நாடாப்புழு வளரும். அவர் மலத்தில் வரும் முட்டையை, கை கழுவாத சமையலாலோ அசுத்த நீராலோ வேறொருவர் விழுங்கினால், அந்த இரண்டாமவரின் மூளையில் கட்டி வரலாம். அவர் வாழ்நாளில் இறைச்சியே தொடாதவராகவும் இருக்கலாம். இந்தப் புழு பரவிய பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம். பன்றிக்குத் தடுப்பூசியும் மருந்தும் உண்டு, மனிதரைத் தேடுவதைவிடச் சில இடங்களில் அது சுலபம். மூளையில் கட்டி இருப்பவருக்குப் புழு மருந்தைக் கவனமின்றிக் கொடுத்தால் வலிப்பே தூண்டப்படும். ஆகவே இதை வீட்டில் முயலக் கூடாது.

மருந்தே இல்லாமல் ஒரு புழுவை ஒழித்திருக்கிறார்களா?

கிட்டத்தட்ட. நரம்புச் சிலந்திக்கு இன்றுவரை மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. 1986-ல் ஆண்டுக்கு 35 லட்சம் பேரைப் பிடித்த நோய், 2023-ல் உலகம் முழுவதும் 14 பேர். குடிநீரைத் துணியில் வடிகட்டினார்கள், புழு வெளிவரும் காலோடு குளத்தில் இறங்காதே என்று சொல்லி நோயாளியைப் பராமரித்தார்கள், புழுவைச் சுமக்கும் நீர்ப்பூச்சிகளைக் கொல்லும் ரசாயனத்தைக் குளத்தில் தெளித்தார்கள், படிக்கிணறுகளைக் கைப்பம்பாக மாற்றினார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல். ஊர் ஊராக நோயாளியைத் தேடிப்போன பணியாளர்களின் சாதனை இது. சாட் நாட்டில் நாய்களிடம் புழு காணப்பட்டதால் முடிவு தள்ளிப்போகிறது.

இத்தனை மாத்திரை கொடுத்தால் புழுக்களுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடாதா?

ஆட்டுப் புழுக்களுக்கு வந்துவிட்டது. இதே குடும்ப மருந்துகள் செம்மறி ஆடுகளிடம் பல நாடுகளில் பலனற்றுப் போயின. மனிதப் புழுவில் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் கண்காணிப்பு வேண்டும். மருந்து கொடுத்த இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு மாதிரிக் குழுவின் முட்டை எண்ணிக்கையை மறுபடி பார்ப்பது அதற்குத்தான்.

குடற்புழு நீக்கினால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்களாமே?

இதில் ஆராய்ச்சியாளர்களிடமே ஒருமித்த கருத்து இல்லை. கென்யாவில் பொருளாதார அறிஞர்கள் எட்வர்ட் மிகேலும் மைக்கேல் கிரெமரும் செய்து 2004-ல் வெளியிட்ட ஆய்வு, மாத்திரை கொடுத்த பள்ளிகளில் வருகை கூடியது என்றது. பிறகு 2015-ல் அந்தத் தரவை மறுஆய்வு செய்தவர்கள் சில கணக்குப் பிழைகளைக் காட்டினார்கள். முதல் ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள். உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வில் எடையிலோ உயிர் பிழைப்பிலோ சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

என் கணிப்பு: புழு குறைவாக உள்ள ஊரின் சராசரியில் பலன் தெரியாது. புழுச் சுமை மிகுந்த பிள்ளையிடம் தெரியும். சராசரி எடுக்கும்போது அந்தப் பிள்ளை கூட்டத்தில் கரைந்துவிடுகிறது. மாத்திரை மதிப்பெண்ணைக் கூட்டும் என்று பெற்றோருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். சோகையும் வயிற்றுவலியும் குறையும் என்பதே கொடுக்கப் போதுமான காரணம்.

எப்போது நிறுத்தலாம்?

குடற்புழுவில் இலக்கு, மிதமான அல்லது கடும் தொற்றுள்ளவர்களை 2 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவருவது. யானைக்காலில் வழக்கமான இருமருந்து முறை என்றால் குறைந்தது ஐந்து நல்ல சுற்றுகள், பிறகு ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளின் இரத்தத்தில் சோதனை. மாத்திரை தொடங்கியபின் பிறந்த அவர்களிடம் தொற்று இல்லை என்றால் பரவல் அறுந்திருக்கிறது என்று பொருள். நிறுத்திய பிறகும் சில ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். சீனா 2007-ல், இலங்கை 2016-ல், டோகோ 2017-ல், வங்கதேசம் 2023-ல், பிரேசில் 2024-ல் இப்படித் தேறின. ஆங்கோசெர்காவை ஒழித்த முதல் நாடு கொலம்பியா, 2013-ல்; ஆப்பிரிக்காவில் முதலாவது நைஜர், 2025-ல். அந்தப் புழு பத்துப் பதினைந்து ஆண்டு வாழும், அதனால் அவ்வளவு காலமும் ஐவர்மெக்டின் கொடுத்தாக வேண்டும். 1987-லிருந்து மெர்க் நிறுவனம் அதை இலவசமாகத் தருகிறது. ஆனால் இலவச மாத்திரை தானாக வீட்டுக்கு நடந்து வராது. வண்டி, பயிற்சி, கணக்கேடு எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது பல நாடுகளில் சுற்றுகள் தள்ளிப்போயின.

எங்கள் பகுதியில் 90 சதவீதம் பேருக்குக் கொடுத்தாயிற்று என்று அறிவித்துவிட்டார்கள். இனி நான் என்ன கேட்பது?

நூற்றில் மீதிப் பத்துப் பேர் யார் என்று கேளுங்கள். பள்ளியில் பெயர் இல்லாத பிள்ளைகள் எண்ணப்பட்டார்களா? பட்டியலில் இல்லாத செங்கல்சூளைக் குடும்பங்கள்? கண்முன்னே விழுங்க வைத்தார்களா, கையில் கொடுத்துவிட்டு வந்தார்களா? போன சுற்றில் மறுத்த வீடுகள் எவை, இந்தச் சுற்றிலும் அவையேதானா? கால் வீங்கியவர்களின் பட்டியல் இருக்கிறதா, அவர்களுக்குக் காலைக் கழுவக் கற்றுக்கொடுத்தவர் யார்? பதில் கிடைத்ததும், பகலில் பூட்டியிருந்த வீடுகளின் பெயரை எழுதிக்கொண்டு, ஆட்கள் வேலையிலிருந்து திரும்பும் நேரத்தில் தன்னார்வலரோடு நீங்களும் ஒரு நடை போய்வாருங்கள்.